தொப்பி இல்லையா, வெயிலில் விளையாட முடியாது: தோல் புற்றுநோயைத் தடுக்க ஆஸ்திரேலியா மக்களின் பழக்கத்தை மாற்றியது எப்படி?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ரிச்சி பெனோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் கேப்டன், லெக் ஸ்பின்னர், பிறகு பல பத்தாண்டுகள் டிவி வர்ணனையாளர். 2014 நவம்பரில், 84 வயதில், அவர் ஒரு தகவலை வெளியே சொன்னார். நெற்றியிலும் உச்சந்தலையிலும் தோல் புற்றுநோய், கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது என்றார். விளையாடிய காலத்தில் தலையில் தொப்பி போடாததுதான் வினை என்றும் அவரே சொன்னார்.

ஏன் போடவில்லை? அதற்கு அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். அந்தக் காலத்து ஹீரோ கீத் மில்லர் தொப்பி போட மாட்டார். மில்லர் போடாததால் பெனோவும் போடவில்லை. அடுத்த தலைமுறையாவது தலையை மூடிக்கொள்ளட்டும் என்று கேட்டுக்கொண்ட பெனோ, 2015 ஏப்ரலில் காலமானார்.

வெயில் தோலைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தொப்பி போடுவதில்லை. தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு நாடே 40 வருடங்களுக்கும் மேலாக மல்லுக்கட்டுகிறது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிரச்சினை?

ஆஸ்திரேலியர்களில் 3 பேரில் 2 பேருக்கு 70 வயதுக்குள் ஏதோ ஒரு வகை தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் என்பது அந்நாட்டு புற்றுநோய் அமைப்புகள் சொல்லும் கணக்கு. கேட்டால் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் இதில் பெரும்பங்கு சின்ன அறுவை சிகிச்சையிலேயே சரியாகிவிடும் வகை. பேசல் செல், ஸ்குவாமஸ் செல் என்ற இரண்டும்தான் அதிகம் வருபவை. மூன்றாவதான மெலனோமாதான் ஆபத்தானது. கவனிக்காமல் விட்டால் உடலின் மற்ற உறுப்புகளுக்கும் பரவிவிடும். தோல் புற்றுநோயால் அங்கே ஆண்டுக்கு சுமார் 2,000 பேர் இறக்கிறார்கள்.

காரணம், தப்பான இடத்தில் தப்பான தோல். பிரிட்டன், அயர்லாந்து போன்ற மங்கலான வெயில் உள்ள நாடுகளில் இருந்து போனவர்களின் வாரிசுகள், பூமத்திய ரேகைக்கு இன்னும் பக்கத்தில், தெளிவான வானத்தின் கீழே வாழ்கிறார்கள். போதாக்குறைக்கு, பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரியில். அப்போது அங்கே கோடைக்காலம். அதே மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் பூர்வகுடி மக்களிடம் இந்த நோய் மிகக் குறைவு.

"ஓசோன் ஓட்டை ஆஸ்திரேலியாவுக்கு நேர் மேலே இருக்கு, அதான் இப்படி" என்று பலரும் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஓசோன் ஓட்டை உருவாவது அண்டார்டிகாவுக்கு மேலே. ஆஸ்திரேலியாவின் பிரச்சினைக்கு அது முதன்மையான காரணம் இல்லை.

தொப்பி மாட்டிய கடல்பறவை

1981-ல் விக்டோரியா மாகாணத்தின் புற்றுநோய் எதிர்ப்பு கவுன்சில் ஒரு டிவி விளம்பரம் கொண்டுவந்தது. சிட் என்ற கார்ட்டூன் கடல்பறவை ஆடிப் பாடிக்கொண்டு வரும். சட்டையை மாட்டு, சன்ஸ்கிரீனைப் பூசு, தலையில் தொப்பியைப் போடு. இவ்வளவுதான் விஷயம். 'ஸ்லிப்! ஸ்லோப்! ஸ்லாப்!' என்று பெயர். பாட்டை உருவாக்கியவர்கள் எழுத்தாளர் பிலிப் ஆடம்ஸும் இசையமைப்பாளர் பீட்டர் பெஸ்ட்டும். பறவையை வரைந்தவர் அலெக்சாண்டர் ஸ்டிட். ஆஸ்திரேலியாவில் அந்தக் காலத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் இந்த மூன்று சொல்லையும் மெட்டோடு சொல்வார்கள். 2007-ல் இதோடு இன்னும் இரண்டு சேர்ந்தன: நிழலில் ஒதுங்கு, கூலிங் கிளாஸ் போடு.

அந்த விளம்பரத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், அதில் பயமுறுத்தல் இல்லை. புண்ணைக் காட்டவில்லை, ஆஸ்பத்திரியைக் காட்டவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொன்னது.

ஆனால் பாட்டு மட்டும் போதாது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. 1988-ல் 'சன்ஸ்மார்ட்' என்ற பெயரில் விரிவான திட்டம் தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்தது 'விக்ஹெல்த்' என்ற மாகாண சுகாதார அமைப்பு. அந்த அமைப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சிகரெட் மீது போட்ட வரியில் இருந்து. ஒரு புற்றுநோய்க்குக் காரணமான பொருளில் இருந்து எடுத்த காசு, இன்னொரு புற்றுநோயைத் தடுக்கப் போனது.

மக்கள் மாறினார்களா, எப்படித் தெரியும்?

விழிப்புணர்வுப் பிரசாரம் என்றாலே "இத்தனை லட்சம் பேரைச் சென்றடைந்தது" என்ற கணக்கோடு முடித்துவிடுவார்கள். டேவிட் ஹில் என்ற உளவியலாளரும் அவரது குழுவும் அப்படி விடவில்லை. கோடை மாதங்களில் வார விடுமுறை முடிந்த கையோடு மெல்போர்ன் மக்களுக்கு போன் போட்டுக் கேட்டார்கள். சனி, ஞாயிறு வெளியே போனீர்களா? எந்த நேரத்தில்? என்ன உடை? தொப்பி போட்டீர்களா? தோல் சிவந்து எரிந்ததா?

"பொதுவாக தொப்பி போடுவீர்களா" என்று கேட்டால் பாதிப் பேர் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "நேற்று போட்டீர்களா" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

1988 முதல் 1990 வரை மூன்று கோடைகளில் கிடைத்த விடை இது. தொப்பி போட்டவர்கள் 19 சதவீதத்தில் இருந்து 29 சதவீதம் ஆனார்கள். சன்ஸ்கிரீன் பூசியவர்கள் 12-ல் இருந்து 21 சதவீதம். வெயிலில் தோல் எரிந்ததாகச் சொன்னவர்கள் 11 சதவீதத்தில் இருந்து 7 ஆகக் குறைந்தார்கள். சின்ன எண்களாகத் தெரியலாம். ஆனால் ஒரு முழு நகரத்தின் பழக்கம் மூன்று வருடத்தில் இவ்வளவு நகர்வது அபூர்வம். அதே நேரம் இன்னொரு பக்கத்தையும் மறைக்க வேண்டாம்: 1990-லும் 10 பேரில் 7 பேர் தொப்பி போடவில்லை.

தயாராக இருப்பது என்றால் என்ன?

ஒரு பழக்கத்துக்கு மக்கள் எவ்வளவு தயாராக இருக்கிறார்கள் என்பதை அளக்க ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு படிநிலை உண்டு. சிகரெட்டை விட முயன்றவர்களைப் பார்த்து ஜேம்ஸ் ப்ரோச்சஸ்கா, கார்லோ டிக்ளமென்டே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதவர் முதல் படி. "செய்யணும்தான், பார்க்கலாம்" என்பவர் இரண்டாவது. தொப்பியை வாங்கி வைத்துவிட்டவர் மூன்றாவது. போட ஆரம்பித்தவர் நான்காவது. மாதக்கணக்கில் விடாமல் தொடர்பவர் ஐந்தாவது.

எல்லோரும் வரிசையாக ஒவ்வொரு படியாக ஏறுவதில்லை, நிறைய பேர் வழுக்கி விழுவார்கள் என்ற விமர்சனம் இந்த மாடல் மீது உண்டு. நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் ஒரு விஷயத்துக்கு இது கைகொடுக்கிறது. முதல் படியில் நிற்பவரிடம் எஸ்.பி.எஃப் 30-க்கும் 50-க்கும் என்ன வித்தியாசம் என்று பாடம் எடுத்துப் பயனில்லை. மூன்றாவது படியில் இருப்பவரிடம் புற்றுநோய் பயங்கரமானது என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் பயனில்லை. அவருக்குத் தேவை, மறக்காமல் போடுவதற்கு ஒரு வழி.

வெயில் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தண்டனை உடனே கிடைப்பதில்லை. இன்றைக்குத் தொப்பி போடாமல் போனால் விளைவு 20, 30 வருடம் கழித்துத் தெரியும். அப்போதும் இந்த ஒரு நாள்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தொப்பி போட்டால் தலைமுடி கலைவதும், சன்ஸ்கிரீன் முகத்தில் பிசுபிசுப்பதும் இந்த நிமிடமே தெரியும். மனித மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்?

இதனால்தான் பல ஆய்வுகள் அழகு என்ற பக்கத்தில் இருந்து முயற்சி செய்தன. புற்றுநோய் வரும் என்று சொல்வதை விட, வெயிலால் ஏற்கனவே முகத்தில் உண்டான சேதத்தை புற ஊதா கேமராவில் படம் எடுத்துக் காட்டினால் இளைஞர்கள் அதிகம் அசைந்து கொடுத்தார்கள். சுருக்கம் பயமுறுத்துகிறது, புற்றுநோய் பயமுறுத்தவில்லை! 20 வயதில் யாருக்கும் சாவு நிஜமாகத் தெரிவதில்லை, சுருக்கம் தெரிகிறது.

பள்ளிக்கூடம் செய்த வேலை

விளம்பரத்தை விட அதிகம் வேலை செய்தது ஒரு சட்டதிட்டம் என்றே சொல்லலாம். 'தொப்பி இல்லையா, விளையாட்டு இல்லை'. 1990களில் இருந்து ஆஸ்திரேலிய ஆரம்பப் பள்ளிகளில் பரவிய விதி இது. தொப்பி கொண்டுவராத பிள்ளை இடைவேளையில் நிழலில்தான் உட்கார வேண்டும். கழுத்து, காது இரண்டையும் மூடும் அகலமான விளிம்புள்ள தொப்பி சீருடையிலேயே சேர்ந்துவிட்டது. பேஸ்பால் தொப்பி பல பள்ளிகளில் கணக்கில் வராது. காதை மறைக்காத தொப்பி என்ன தொப்பி என்று கேட்கிறார்கள்.

இங்கே யாரும் பிள்ளையிடம் "நீ தயாரா" என்று கேட்கவில்லை. எல்லோரும் போடுவதால் அதுவும் போட்டது. மில்லர் போடாததால் பெனோ போடாமல் விட்டாரே, அதையே தலைகீழாகத் திருப்பிய மாதிரி.

ஆனால் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் முதலில் கழன்று விழுவது தொப்பிதான். வெயில் பற்றிய கேள்விகளுக்கு எல்லாம் சரியாகப் பதில் சொல்லும் டீன் ஏஜ் பிள்ளைகள்தான் அதைக் குறைவாகப் பின்பற்றுகிறார்கள் என்பது திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட விஷயம். 'கெத்து' என்ற ஒரு வார்த்தைக்கு முன்னால் பத்து வருடப் பாடம் தோற்றுப்போகிறது.

கிளேர் ஆலிவரும் சோலாரிய தடையும்

வெள்ளைத்தோலைப் பழுப்பாக்குவதற்காகவே மின்விளக்குப் படுக்கையில் படுக்கும் கடைகளுக்கு சோலாரியம் என்று பெயர். அதன் விளக்குகள் புற ஊதாக் கதிர்களை நேராக உடலில் பாய்ச்சும். மெல்போர்னைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் என்ற இளம்பெண் மெலனோமாவால் பாதிக்கப்பட்டார். தன் நோய்க்கு சோலாரியமும் ஒரு காரணம் என்று நம்பினார். வாழ்வின் கடைசி வாரங்களை அதற்கு எதிராக டிவியிலும் பத்திரிகையிலும் பேசுவதில் செலவிட்டார். 2007 செப்டம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 26.

அதன்பிறகு விக்டோரியாவில் கட்டுப்பாடுகள் வந்தன. பிரேசில் 2009-லேயே நாடு முழுக்கத் தடை விதித்தது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2015 ஜனவரி 1 முதல் வணிக சோலாரியங்களுக்குத் தடை. ஆயிரம் பேரிடம் "போகாதீர்கள்" என்று சொல்வதை விட கடையை மூடுவது எளிது என்று அரசுகள் முடிவெடுத்தன.

சன்ஸ்கிரீன் உண்மையிலேயே தடுக்குமா?

இதற்கு நல்ல ஆதாரம் குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற ஊரில் இருந்து கிடைத்தது. ஆய்வாளர் அடெல் கிரீன் தலைமையிலான குழு, 1992 முதல் 1996 வரை 1,621 பேரை குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி தினமும் தலை, கழுத்து, கைகளில் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். மறு பாதி வழக்கம் போல், வேண்டுமானால் பூசலாம். தினமும் பூசியவர்களிடம் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது. பேசல் செல் வகையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு முடிந்து 10 வருடம் கழித்துப் பார்த்தபோது, தினமும் பூசிய பிரிவில் 11 பேருக்கும் மற்ற பிரிவில் 22 பேருக்கும் மெலனோமா வந்திருந்தது.

ஆனால் எவ்வளவு பூசுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பெரியவர் ஒருவர் உடல் முழுக்கப் பூச ஒரு தடவைக்கு சுமார் 35 மில்லி, அதாவது 7 டீஸ்பூன் தேவை. வெயிலில் போவதற்கு 20 நிமிடம் முன்னால் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டுமே ஒரு டீஸ்பூன். வீட்டில் இருக்கும் 50 கிராம் டியூப் தினமும் பூசியும் மாதக்கணக்கில் தீரவில்லை என்றால், டியூபில் போட்டிருக்கும் பாதுகாப்பு முகத்துக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதனால்தான் சன்ஸ்மார்ட் திட்டம் சட்டை, தொப்பி, நிழல் இவற்றோடு சேர்த்தே சன்ஸ்கிரீனைச் சொல்கிறது. சட்டையைப் போட்டுவிட்டால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டியதில்லையே.

வெப்பம் வேறு, யு.வி வேறு

பலரும் ஏமாறும் இடம் இதுதான். வியர்த்தால் வெயில் கடுமை, குளிர்ந்தால் பிரச்சினை இல்லை என்று உடம்பு சொல்கிறது. உண்மையில் நமக்குச் சுடுவது சூரியனின் அகச்சிவப்புக் கதிரும் காற்றின் வெப்பமும். தோல் செல்லின் மரபணுவைச் சேதப்படுத்துவது புற ஊதாக் கதிர். அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, உணரவும் முடியாது. மெல்போர்னில் 20 டிகிரி மட்டும் இருக்கும், மேகம் லேசாக மூடிய கோடை நாளிலும் தோல் எரிந்து போகலாம். மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும்.

இதற்காகத்தான் யு.வி குறியீடு என்ற எண். மொபைலில் வானிலை ஆப்பைத் திறந்தால் வெப்பநிலைக்குக் கீழே இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. 3 அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு தேவை என்பது ஆஸ்திரேலியாவின் அறிவுரை. 11-ஐத் தாண்டினால் உச்சம். சென்னையில் கோடை நண்பகலில் இது சாதாரணமாக 11-ஐத் தாண்டும்.

அப்போ நம்ம தோலுக்கும் இது பொருந்துமா?

பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் 90 ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் அதே தொப்பியைத்தான் போட வேண்டும். "நம்ம பிள்ளைக்கும் எதுக்கு இது?" என்ற கேள்வி அங்கே நியாயமானது.

கருமைக்குக் காரணமான மெலனின் இயற்கையான கவசம். அதனால் இந்தியாவில் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. இதை ஆஸ்திரேலிய மருத்துவ அமைப்புகளே ஏற்று, எல்லோருக்கும் ஒரே அறிவுரை என்ற முறையை 2024-ல் மாற்றின. மக்களைத் தோலின் தன்மைப்படி மூன்று பிரிவாகப் பிரித்தன. அடர்ந்த கருமையான தோல் உள்ளவர்களுக்கு வழக்கமான வெளி வேலைகளுக்கு சன்ஸ்கிரீன் அவசியமில்லை, நீண்ட நேரம் வெயிலில் இருந்தால் மட்டும் பாதுகாப்பு எடுத்தால் போதும். இவர்களுக்கு வைட்டமின் டி குறைபாடுதான் பெரிய கவலை. வெளிர் பழுப்புத் தோல் நடுப்பிரிவில் வரும். தமிழர்கள் தோலின் நிறத்தைப் பொறுத்து இரண்டிலுமே இருக்கிறார்கள். கண்ணைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினையே கிடையாது. புரை விழுவதற்குப் புற ஊதாக் கதிரும் ஒரு காரணம், எனவே கூலிங் கிளாஸும் தொப்பியும் எல்லா நிறத்துக்கும் தேவை. வெண்தோல் நோய் எனப்படும் அல்பினிசம் உள்ளவர்களுக்கு எந்த ஊராக இருந்தாலும் முழுப் பாதுகாப்பு கட்டாயம்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆஸ்திரேலியா போராடியது, வெள்ளையாக இருப்பவர்கள் பழுப்பாக ஆசைப்பட்டதோடு. நம்ம ஊரில் சன்ஸ்கிரீன் விற்பதே "வெயில்ல போனா கறுத்துடுவ" என்ற பயத்தில்தான். இரண்டு ஊரிலும் தோலின் நிறம்தான் பேச்சு, தோலின் ஆரோக்கியம் இல்லை. அதே நேரம், புடவைக்கு மேலே ஆண்கள் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்கள், எந்த விளம்பரமும் பார்க்காமலேயே சிட் பறவை சொன்னதில் இரண்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கருமையான தோலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கருமையான தோலுக்குப் புற்றுநோயே வராது என்று நினைப்பதில்தான் ஆபத்து. வரும்போது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். இதற்கும் வெயிலுக்கும் தொடர்பு இல்லை, சன்ஸ்கிரீனால் தடுக்கவும் முடியாது. பாடகர் பாப் மார்லிக்கு கால் விரல் நகத்துக்கு அடியில் வந்தது இந்த வகை மெலனோமாதான். 1977-ல் கண்டுபிடிக்கப்பட்டது, 1981-ல் 36 வயதில் இறந்தார். எதிர்பார்க்காத இடம் என்பதால் டாக்டரிடம் போவதற்குள் முற்றிவிடுவது இந்த வகையில் அதிகம்.

நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, உள்ளங்காலில் திட்டுத் திட்டாகப் பரவும் கருமை, ஒரு மாதமாகியும் ஆறாத புண், வடிவமோ நிறமோ மாறும் மச்சம். இதில் எது இருந்தாலும் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். "செருப்புக் கடி", "அடிபட்ட தழும்பு" என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் கால் புண்ணைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

40 வருடத்துக்குப் பிறகு நிலவரம் என்ன?

ஆஸ்திரேலியாவில் 40 வயதுக்குட்பட்டவர்களிடம் மெலனோமா விகிதம் குறைந்திருக்கிறது. இவர்கள் தொப்பி விதியோடு வளர்ந்த தலைமுறை. வேறு காரணங்களும் இருக்கலாம் என்றாலும், பிரசாரத்துக்கு இதில் பங்கு உண்டு என்பது பரவலான கருத்து. அதற்கு முந்தைய தலைமுறையில் நோய் இன்னும் அதிகம்தான், அது சிறுவயதில் வாங்கிய வெயிலின் கணக்கு. 2015 உலகக் கோப்பையை வென்ற கேப்டன் மைக்கேல் கிளார்க், 2025 ஆகஸ்ட்டில் மூக்கில் இருந்து புற்றுநோய்க் கட்டி அகற்றப்பட்ட படத்தை வெளியிட்டார். அவருக்கு இது முதல் முறை இல்லை.

அதே 2025-ல் நம்பிக்கைக்கு ஒரு அடியும் விழுந்தது. 'சாய்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களை ஆய்வகத்தில் சோதித்தது. 16 தயாரிப்புகள் லேபிளில் போட்டிருந்த எஸ்.பி.எஃப் அளவை எட்டவில்லை. 50-க்கு மேல் என்று விற்ற ஒன்றில் கிடைத்த அளவு வெறும் 4. அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விசாரணையில் இறங்கியது, பல தயாரிப்புகள் கடைகளில் இருந்து எடுக்கப்பட்டன. மக்களைப் பூச வைக்கவே ஒரு தலைமுறை ஆன நாட்டில், பூசியதில் சரக்கு இருக்கிறதா என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. சோதனையில் பாதியாகக் குறைந்த சன்ஸ்கிரீன்கூட ஒன்றும் பூசாததை விட மேல், அதனால் நிறுத்திவிடாதீர்கள் என்று புற்றுநோய் அமைப்புகள் கேட்டுக்கொண்டன. தொப்பிக்கும் முழுக்கைச் சட்டைக்கும் இந்தச் சந்தேகம் எப்போதும் வந்ததில்லை.